கோத்தகிரியில் கேட்ட பெயர்

அத்தியாயம் பதினொன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நாகமலைத் தோட்டத்தில் தலைமைக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற கன்னையாவாகிய நான்; என் மனைவி மருதாயி; என் மகள் கிருஷ்ணகுமாரி; அவளுக்கு இளையவன் சுரேந்திரன்; அழைக்காமல் வந்து, போகச் சொல்லியும் போகாத அடுத்த வீட்டு இருளாயி. வாசற்படியில் நாய் படுத்திருந்தது. அதன் பெயர் ஜிம்மி.

வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாக முதலிலேயே எழுதுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

இதுவரை படித்து வந்தவர்களுக்கு எங்கள் வீட்டுச் செய்தி தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தங்கை இலட்சுமி எழுபத்து நான்காம் ஆண்டு எங்கள் பெற்றோருடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவள். எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவள் கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்த கதிர்வேல் என்பவரை மணந்து, மளிகைக் கடை வீட்டு மருமகளாக நிலைபெற்றாள். அவளுடைய ஒரே மகன் சுதாகரன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். அந்த அத்தை மகனுக்குத்தான் எங்கள் கிருஷ்ணகுமாரியைக் கேட்டிருந்தார்கள்.

மச்சான் கதிர்வேலுக்கு ஒரே ஒரு தயக்கம். போன வாரம் கஹவத்தை டவுனில் நுஹ்மான் முதலாளியின் தொலைபேசிக் கடையான கொமினிகேஷனில் இருந்து நான் பேசியபோது, சுவரில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்த அவசரத்திலும் அதைக் கேட்டுவிட்டார். "பொண்ணு சிங்கள ஊருல வளந்தது. பேச்சு எல்லாம் கலந்துதானே இருக்கும்? இங்க நாலு பேரு முன்னால பொருந்துமா மச்சான்?"

நான் கூண்டுக்குள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். "என் வீட்டுல தமிழத் தவிர வேற பேச்சு கிடையாது. ஒரு சிங்களச் சொல்லு வாசப்படி தாண்டாது."

"அப்ப மருமக பேசுறத ஒருதரம் கேட்டுட்டா போதும்" என்றார் அவர். அதற்குத்தான் அந்த ஞாயிறு.

ஆனால் இந்த முறை கொமினிகேஷன் கூண்டு இல்லை. சுரேந்திரன் இரத்தினபுரியில் கணினி திருத்தும் கடையில் வேலை செய்கிறான். அவன் பகுதி பகுதியாகக் கொண்டு வந்து பூட்டிய கணினி எங்கள் மேசையில் நின்றது. அதிலிருந்து கம்பியில்லாத வீட்டுப் போனுக்கு ஒரு வயர். போனின் ஏரியலை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தான். கணினிக்கு இரண்டு பக்கமும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டிகள். தலையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றே ஒன்று. இங்கிருந்து எண்ணை அழுத்தினால் கோத்தகிரியில் சாதாரணத் தொலைபேசி மணி அடிக்குமாம். மீட்டரைப் பார்த்துப் பார்த்து வாயைக் கட்ட வேண்டியதில்லையாம். நுஹ்மான் முதலாளியே அதற்கான அட்டையை விற்றுவிட்டு, "ஐயாவ இனி நம்ம கடப் பக்கம் காணக் கிடைக்காது" என்று சிரித்தாராம்.

வீடு காலையிலிருந்தே கல்யாண வீடு போல் இருந்தது. நான் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, அவங்களுக்கு சத்தம் மட்டும்தான் கேக்கும். கோட்டு தெரியாது" என்றான் சுரேந்திரன்.

நான் அவர்களுக்காக உடுத்தவில்லை. அதை அவனுக்கு விளக்கவும் இல்லை.

மருதாயி மகளின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்து, ஊசி குத்தினாள்.

"பூ வாசம் கோத்தகிரி வரைக்கும் போகுமாம்மா?" என்று குமாரி கேட்டாள். சிரித்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நாற்பது பேரை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள் அவள். அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. உங்க மாமா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கடலுக்கு அடியில வயர் போகுதாமே? மீனு கடிச்சா என்னா ஆவும்?" என்று இருளாயி கேட்டாள்.

"மீனு வீட்டுக்கு ரிங் போகும் அக்கா" என்றான் சுரேந்திரன்.

வெளியே மேகம் கறுத்து வந்தது. மழை வந்தால் இணைப்பு தடுமாறும் என்று அவன் அவசரப்பட்டான். எண்ணை அழுத்தினான். பெட்டிகளில் முதலில் ஒரு கரகரப்பு. பிறகு, எங்கோ தூரத்தில், மணி அடிக்கத் தொடங்கியது!

கொமினிகேஷனில் அந்த மணியை நான் ஒருவன் மட்டும் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது என் வீட்டு முன்னறையில், என் மனைவி மக்கள் எல்லாரும் ஒன்றாகக் கேட்கும்படி என் தங்கை வீட்டு மணி அடித்தது. மருதாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சுரேந்திரனின் தலையில் இருந்த ஒலிவாங்கியின் தண்டு வளைந்து கன்னத்துக்குப் போய்விட்டது. அவன் கையால் பிடித்து இழுத்தான். அது மேலும் கோணியது. குமாரி எழுந்து அவன் அருகில் போய் அதைச் சரிசெய்யத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாடா. ஹரி. அப்பா பக்கம் பாக்காத, என்னையப் பாரு. ஹரி, ஹரி. இப்ப கைய எடு. அப்படியே இரு... ஹரி! இப்பத்தான் நல்லாருக்கு."

மணி இங்கே அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அங்கே எப்போதோ எடுத்துவிட்டார்கள். கணினி அதை எங்களுக்குச் சொல்லப் பிந்திவிட்டது.

பெட்டிக்குள்ளிருந்து ஆண்குரல் ஒன்று வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"யாரும்மா அந்த ஹரி?"

இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிங்களத்தில் 'ஹரி' என்றால் 'சரி'. பஸ் நிறுத்த 'ஹரி', சாமான் போதும் என்றால் 'ஹரி', சண்டை முடிந்தால் 'ஹரி'. இங்கே தமிழ்ப் பிள்ளைகளின் வாயிலும் அது மூச்சு மாதிரி வந்து போகும். கோத்தகிரியில் அது ஓர் ஆண்பிள்ளையின் பெயர்.

குமாரி ஒலிவாங்கியை விட்டுப் பின்வாங்கினாள். "ஹரியா? ஐயோ, ஹரி இல்ல மாமா..."

"பக்கத்துலதானே நிக்கிறான்? கிட்ட வாங்குற, கைய எடுங்குற. எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். முதல் நாளே யோசித்து வைத்திருந்த வரவேற்பு வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "மச்சான், கன்னையா பேசுறேன். எங்க வீட்டுல ஹரின்னு யாரும் இல்ல."

சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. நாம் சொல்வது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு, பதில் வர இன்னொரு மூச்சு.

"இல்லாத ஆளக் கூப்பிட்டு உங்க பொண்ணு எதுக்குப் பேசணும்?"

சுரேந்திரன் குனிந்து என் வாய்க்கு முன்னால் கத்தினான். "மாமா, அது சிங்களம்! சரின்னு அர்த்தம்!"

"தம்பி, போன வாரந்தான் உங்கப்பா சொன்னாரு. உங்க வீட்டுல ஒரு சிங்களச் சொல்லு வாசப்படி தாண்டாதுன்னு. அவரு சொன்னது நெசமா, நீ சொல்றது நெசமா?"

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இலட்சுமி கோயிலுக்குப் போயிருக்கா. வந்தா சொல்றேன். பொண்ணு விசயத்த நாங்க யோசிச்சுக்கிறோம்" என்றார். இணைப்பு அறுந்தது.

முதல் மழைத்துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்தன. குமாரி பூவை இழுத்து மேசையில் போட்டாள்.

"ஐயா" என்றாள் இருளாயி, "புள்ள பெருமாளக் கும்பிட்டுச்சு, ஹரி ஹரின்னு செபம் பண்ணிச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சாமியக் கிட்ட வாடான்னா கூப்பிடுவாங்க?" என்று சுரேந்திரன் கேட்டான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"திரும்ப எடுக்கட்டுமாப்பா?"

"வேண்டாம்" என்றேன். "பொண்ணப் பெத்த வீட்டுலேருந்து ரெண்டாந்தரம் கூப்பிடுறது மொற இல்ல. தேவைன்னா அவங்க எடுக்கட்டும்."

"அவங்ககிட்ட நம்ம நம்பர் இல்லப்பா. கம்பியூட்டர்லேருந்து எடுக்குற கோலுக்கு அந்தப் பக்கம் நம்பர் விழாது."

மருதாயி என்னோடு வாழ்ந்த இத்தனை ஆண்டுகளில் பிறர் முன்னால் என்னை எதிர்த்துப் பேசியது குறைவு. அன்று பேசினாள். "உங்க மொறைய நீங்க வச்சிக்கிங்க. நாளைக்கு கோத்தகிரி பூரா எம் மகளுக்கு ஒருத்தன் இருக்கான்னு பேசுவாங்க. அது இங்க வந்து சேர எத்தன நாளாகும்?"

குமாரி என்னருகில் வந்தாள். என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, தம்பியின் கையை ஒதுக்கிவிட்டு, தானே அழுத்தினாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

மணி நெடுநேரம் அடித்தது. பிறகு அதே குரல். "யாரு?"

"மாமா, நான் குமாரி. நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. பதில் சொல்லாம எனக்கு இருக்க முடியாது." குரலில் நடுக்கம் இல்லை. "கிட்ட வாடான்னு கூப்பிட்டது என் தம்பிய. மைக் கோணிப் போச்சு, நேராக்குனேன். ஹரின்னு சொன்னது இந்த ஊருப் பேச்சு. நீங்க 'சரி'ங்கிற எடத்துல நாங்க அதச் சொல்லிருவோம். வேற ஒண்ணும் இல்ல."

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

"நல்லாத்தான் பேசுற மருமகளே" என்றார் அவர். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "ஆனா ஒண்ணு. அப்ப உங்கப்பா எங்கிட்டப் பொய் சொன்னாரா?"

இதுதான் இடம். "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் அவள் பெயர் துலங்கிவிடும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேசையில் கிடந்த பூவைப் பார்த்தாள்.

"எங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்ல மாமா" என்றாள்.

அதற்குமேல் நான் எப்படி நிற்பது? ஒலிவாங்கியை அவள் தலையிலிருந்து எடுத்தேன். கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன்.

"மச்சான்! எங்க பாட்டன் ராமநாதபுரத்துலேருந்து வந்து இந்த மலையில கால் வச்ச நாள்லேருந்து எங்க குடும்பத்துப் பொம்பளப் புள்ளைங்க மேல ஒருத்தன் ஒரு சொல்லு..."

"நான் கேட்டது அது இல்லீங்க..."

"நீங்க கேட்டது எனக்கு வெளங்குது..."

"என்னையப் பேச விடுங்க மச்சான்..."

"நான் எங்க தடுத்தேன்? நீங்கதான்..."

"முழுசாக் கேளுங்க..."

நான் தொடங்கும்போது அவர் முன்பு சொன்னது வந்து விழும். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். இருவரும் காத்திருந்து, இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவோம். மழை வேறு தகரத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டது. என் பொறுமை போய்விட்டது. மேசையில் கையால் தட்டினேன்.

"ஹரி ஹரி! ஹரி! மொதல்ல நீங்களே பேசி முடிங்க!"

அறை அடங்கிப்போனது. நான் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியுமுன், கோத்தகிரிக்குப் போன என் குரல் அங்கிருந்து எதிரொலித்துத் திரும்பி வந்தது. பெட்டிகள் இரண்டிலும், பானைக்குள் பேசுவது போல், எல்லாருக்கும் கேட்கும்படி:

"ஹரி ஹரி! ஹரி!"

சுரேந்திரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"மச்சான்" என்றார் கதிர்வேல் மெதுவாக. "உங்ககூடவும் இருக்கானா அந்த ஹரி?"

பிறகு அவர் சிரித்தார். முதலில் ஒரு செருமல், அப்புறம் வாய்விட்டு. ஒலிபெருக்கி கிழிந்துவிடும் போல் இருந்தது. மருதாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இருளாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமாரி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் நின்ற இடத்தில் நேராக நின்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதனால் என் மகள் சொன்னது உண்மை என்று ஆயிற்று. அது போதும்.

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தமும், ஒரு பெண் குரலும் கேட்டன. "ஏங்க இப்படிச் சிரிக்கிறீங்க? போன்ல யாரு? என்னது, ஹரியா? அட கடவுளே! அது 'சரி'ன்னு சொல்றதுங்க! நான் வந்த புதுசுல நானே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன், எங்கத்த திட்டித் திட்டி நிறுத்திட்டாங்க. குடுங்க இங்க!"

ஒலி கரகரத்தது. "அண்ணே..."

இலட்சுமி. கொமினிகேஷன் கூண்டிலிருந்து பேசும்போது 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கீங்களா, வைக்கிறேன்' என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. இப்போது நேரம் இருந்தது. நேரம் இருந்தபோது எனக்குச் சொல் வரவில்லை.

"அண்ணே, அங்க மழ பெய்யுதா? தகரத்துல அடிக்கிறது கேக்குதே!"

"பெய்யுது" என்றேன்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்கண்ணே. கேட்டுக்கிறேன்."

சுரேந்திரன் ஒலிவாங்கியை வாங்கி, தலைக்கு மேல் கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தான். நாங்கள் ஐந்து பேரும் மூச்சுக்கூட விடவில்லை. எங்கள் மழை கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் கட்டுப்பாடு எல்லாம் போய்விட்டது. மருதாயியும் இலட்சுமியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருவருக்கும் மற்றவர் பேசியது விளங்கியதாம். இருளாயி குறுக்கே நுழைந்து, கூடலூருக்குப் போன தன் பெரியப்பா மகனைத் தெரியுமா என்று கேட்டாள். "கூடலூர் வேற ஊரும்மா" என்றார் கதிர்வேல். "வேற ஊருன்னாலும் ஒருதரம் சத்தம் போட்டுப் பாருங்க சாமி" என்றாள் இவள்.

கடைசியில் கதிர்வேல் குமாரியைப் பேசக் கூப்பிட்டார். "மருமகளே, மாமா தப்பா நெனச்சுட்டேன்."

"பரவால்ல மாமா. ஆனா அடுத்த தடவ போன எடுத்தா, மொதல்ல 'அலோ' சொல்லுங்க."

"உத்தரவு!" என்றார். மறுபடியும் சிரிப்பு. பிறகு, "மச்சான், இன்னொரு விசயம். அடுத்த ஞாயிறு சுதாகரன் ஊருக்கு வர்றான். அவன் மருமககிட்டப் பேசணுங்கிறான். பொட்டியில எல்லாரும் கேக்குற மாதிரி இல்ல. தனியா."

நான் பதில் சொல்லுமுன் குமாரி முந்திக்கொண்டாள். "ஹரி மாமா" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அறையே வெடித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரல் மாறியிருந்தது. "எனக்கும் அவருகிட்டக் கேக்குறதுக்கு ஒண்ணு இருக்கு மாமா."

"என்னா அது?" என்றாள் மருதாயி.

"அவருகிட்டத்தான் கேப்பேன்."

இணைப்பை வைத்த பிறகும் அவள் சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போது கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஞாயித்துக்கெழம நீங்க எங்க இருப்பீங்க அப்பா? உள்ளயா, வெளியவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதற்கு நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஆனால் திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிவதற்குள் இருளாயி தன் வேலையை முடித்துவிட்டாள். அவள் சொன்னது ஒன்று, கேட்டவர்கள் கொண்டு போனது வேறு. கீழ் லயத்து வீட்டு வரிசையில், கணக்கப்பிள்ளை மகளுக்கு ஹரி என்று ஒருவன் இருக்கிறான் என்றார்கள். மேல் லயத்தில், அவன் கொழும்பில் பெரிய வேலை என்றார்கள். பங்களாவுக்குப் போகும் வழியில், அவன் கம்பியூட்டருக்குள்ளேயே வந்து தாலி கட்டிவிட்டான் என்றும் ஒரு பேச்சு. செவ்வாய்க்கிழமை நான் டவுனில் பஸ் இறங்கியபோது, வெற்றிலைக் கடை முதியான்சே, பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிற மனிதர், என்னைப் பார்த்து "ஹரி கவுத மஹத்தயோ?" என்று கேட்டார். ஹரி யார் என்று.

எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். என் மகளுக்குக் கேட்டிருக்கும் மாப்பிள்ளையின் பெயர் சுதாகரன். ஹரி என்பது ஆள் இல்லை. சொல்.